கணினி ஆட்சியிற் பதில் சொல்வது யார்?

விஞ்ஞானத்தின் பேறுகளை வரவேற்பதில் முற்போக்கு எண்ணங் கொண்ட எவருக்கும் தயக்கம் இருத்தலாகாது. அச்சு யந்திரத்தைக் கண்டு ஏட்டுச் சுவடியின் புனிதம் கெட்டுவிடும் என்று புலம்புவோரின் வழியில் வந்தவர்களல்லர் நாம். ஆகவே, அரச கருமங்கள் ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றப்பட்டுவரும் இக்காலத்தில், கணினி வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றத்தில் இறங்குவது நமது நோக்கமன்று. நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. ஓர் அரசு தகவல் தொழில்நுட்பக் கொள்கையொன்றை வகுத்து, அதனைச் சட்டமாகவும் திட்டமாகவும் மக்களிடையே நடைமுறைப்படுத்தும்பொழுது, அதில் நேரும் தவற்றுக்குப் பதில் கூற வேண்டியவர் யார்? அப்பதிலைக் கேட்கும் உரிமை எவருக்கு உண்டு? இது பொறியியலாளர் தீர்த்துவைக்கக்கூடிய பிரச்சினையன்று. நியாயம் பற்றிய பிரச்சினை.

1811ஆம் ஆண்டு தொடக்கம் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பகுதித் தொழிலாளர் பின்னல் யந்திரங்களை உடைத்தனர். அவர்களை மூடர் என எள்ளுவது எளிது. யந்திரம் வேறு, முதலாளித்துவம் அதனைப் பயன்படுத்தும் முறை வேறு என்பதைத் தொழிலாளர் பிரித்தறியக் காலமும் அனுபவமும் வேண்டியிருந்தன என்று மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் விளக்குவார். அந்த வேறுபாடு இன்று நமக்கு இன்னோரிடத்திற் பயன்படுகிறது. கணினி வேறு, அரசு தனக்கும் தன் குடிகளுக்கும் இடையிற் கணினியை நிறுத்திக்கொள்ளும் முறை வேறு.

நமது நாட்டில் இவ்விடயம் புதிதன்று. தேசிய கணினிக் கொள்கை 1983 இல் வகுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதற்கென ஒரு சபையும் அமைந்தது. 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தகவல், தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்துக்கு வழி வகுத்தது. முழுவதும் அரசுக்கே உரியதாயினும் அதற்குத் திணைக்களமொன்றின் வடிவமன்றிக் கம்பெனியொன்றின் வடிவமே அளிக்கப்பட்டது என்பது அக்காலத்துச் சிந்தனையின் போக்கைக் காட்டும். 2004 இல் உலக வங்கி ‘ஈ-சிறீலங்கா’ என்ற திட்டத்துக்கு 53 மில்லியன் டொலரை அங்கீகரித்தது. விகாரைகளிலும் கோயில்களிலும் நூலகங்களிலும் ‘நெனசல’ எனும் கணினி நிலையங்கள் திறக்கப்பட்டன. அவற்றுக்காக 2014 இல் கேற்ஸ் மன்றத்தின் பத்து இலட்சம் டொலர்ப் பரிசும் கிடைத்தது. கிராமத்துப் பிள்ளைகள் பலர் முதன்முதலிற் கணினியைத் தொட்டது அங்கேதான். அதனைச் சிறுமைப்படுத்துவது நமது எண்ணமன்று.

ஆயினும் இந்த வரலாறு முழுவதிலும் அரசு தன்னை ஒரு விநியோகஸ்தனாகவே கண்டுவந்துள்ளது. பெட்டியை வாங்குவது, கம்பியை இழுப்பது, திறப்பு விழாவில் நாடாவை வெட்டுவது. இதனை இலவசக் கல்வியோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபொழுது அரசு கட்டடங்களை மட்டும் வழங்கவில்லை. ஒரு கடப்பாட்டை ஏற்றுக்கொண்டது. இன்றும் ஒரு பாடசாலையிற் கணித ஆசிரியர் இல்லையெனின் பெற்றோர் வலயக் கல்விக் கந்தோரின் வாசலிற் போய் நின்று கேட்கிறார்கள். அரசு நாணுகிறது, நாணாவிட்டாலும், தான் நாண வேண்டிய விடயம் இது என்பதை அது மறுப்பதில்லை.

கணினி விடயத்தில் அவ்வாறு போய் நிற்பதற்கு ஒரு வாசல் இருக்கிறதா? 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடப்பட்டுக் கல்வி கைத்தொலைபேசிக்குள் புகுந்த காலத்தை ஆசிரியராகிய நாம் மறந்திருக்க மாட்டோம். பதுளை மாவட்டத்துப் பொகிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் அலை கிடைக்கும் பாறையொன்றை அடைவதற்காகக் காட்டுவழி நடந்த செய்தி 2021 இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. கோபுரம் கம்பெனியினுடையது; தொலைபேசி பெற்றோருடையது; பாடம் ஆசிரியருடையது; பாறை இயற்கையினுடையது. அரசினுடையது எது என்று தேடினால் ஒரு சுற்றுநிருபம் அகப்படும்.

இனி, பிரச்சினையின் மையத்துக்கு வருவோம். 2023 யூலையில் ‘அஸ்வெசும’ நலன்புரித் திட்டம் சமுர்த்தி உதவித்தொகையின் இடத்துக்கு வந்தது. குடும்பமொன்று வறியதா அன்றா என்பதைக் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற பிரிவுகளில் அடங்கும் 22 குறிகாட்டிகளால் அளந்து, கணினி புள்ளியிட்டு, பட்டியலைத் தந்தது. பட்டியல் வெளிவந்ததும் பல இலட்சம் மேன்முறையீடுகள் குவிந்தன. பிரதேச செயலக வாசல்களில் முதியவர்களும் கைக்குழந்தைகளோடு தாய்மாரும் வரிசையில் நின்றனர்.

நாம் நியாயமாகப் பேச வேண்டும். இதற்கு முந்திய முறை தூய்மையானதன்று. சமுர்த்திப் பட்டியலிற் கட்சிக்காரர்களின் கை எவ்வளவு நீண்டிருந்தது என்பதை ஊரறியும். ஆளுக்கு ஆள் முகம் பார்க்கும் உத்தியோகத்தரைவிட முகமே பாராத யந்திரம் நீதியானது என்ற வாதத்தில் உண்மையின் ஒரு கூறு உண்டு. பாரபட்சத்தால் நொந்த மக்கள் கணினியை ஒருவகை நம்பிக்கையுடனேயே எதிர்கொண்டனர். ஆனால் நடந்தது யாது? பாரபட்சம் செய்யும் மனிதனை அகற்றப் புறப்பட்டு, பதில் சொல்லும் மனிதனையும் சேர்த்தே அகற்றிவிட்டார்கள். “என்ரை பேர் ஏன் இல்லை, ஐயா?” “எனக்குத் தெரியாதம்மா, கொம்பியூட்டர் தள்ளிப்போட்டுது.” இந்த உரையாடலை நாட்டின் எக்கிராமத்திலும் கேட்டிருக்கலாம். பழைய உத்தியோகத்தரை ஏசலாம், மறியல் செய்யலாம், அடுத்த தேர்தலில் அவருக்குப் பின்னால் நின்ற அரசியல்வாதியைத் தோற்கடிக்கலாம். புள்ளியை ஏசுவது எப்படி?

புள்ளிக்குப் பின்னால் மனிதரே இருக்கின்றனர் என்பதே இங்கு மறைக்கப்படும் உண்மை. வறுமைக்கு எவை அடையாளம் என்று தெரிந்தவர் மனிதர். எந்த அடையாளத்துக்கு எவ்வளவு நிறை என்று தீர்மானித்தவரும் மனிதரே. இன்னும் கூர்ந்து நோக்கினால் வேறொன்றும் தெரியும். 2023 இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி இடைநிலையினர் 4 இலட்சம் குடும்பங்களுக்கு மாதம் 2,500 ரூபாய். பாதிப்புக்குள்ளாகக்கூடிய 4 இலட்சத்துக்கு 5,000. வறிய 8 இலட்சத்துக்கு 8,500. மிக வறிய 4 இலட்சத்துக்கு 15,000. மொத்தம் 20 இலட்சம் குடும்பங்கள். இத்தொகைகள் பின்னர் மாறின. நமது கவனத்துக்குரியது அதுவன்று. இத்துணை உருண்டையான எண்களாக வறுமை எந்த நாட்டிலும் வாழ்வதில்லை. திறைசேரியின் பை எவ்வளவு என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்தப் பைக்குள் அடங்குமாறு வறியோரை எண்ணியிருக்கிறார்கள். கடனிற் சிக்கிய அரசு அவ்வாறு செய்ய நேர்ந்திருக்கலாம். அப்படியாயின் அதனை அரசே மக்கள்முன் நின்று, “இவ்வளவுதான் எம்மிடம் உண்டு; இன்னின்ன நியாயத்தால் உமக்கில்லை” என்று கூறியிருக்க வேண்டும். கூறாமல், அந்தக் கசப்பான அரசியல் முடிவைக் கணக்கின் உடையில் மறைத்து யந்திரத்தின் வாயாற் சொல்ல வைத்தது. நாம் குற்றம் காண்பது இங்கேதான்.

யந்திரம் எவ்விடத்தும் இப்படித்தான் நடக்கும் என்று கொள்வதும் பிழை. 2022 யூலையில் எரிபொருளுக்கென வந்த கியூஆர் அட்டையை நினைத்துப் பார்ப்போம். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, காருக்கு 20 என்று அது தொடங்கிற்று. 2023 செப்ரெம்பரில் நீக்கப்பட்டது. நாட்கணக்கான வரிசைகளை அது குறைத்தது. செல்வாக்குள்ளவன் பின்கதவால் நிரப்பிச் செல்வதையும் ஓரளவு தடுத்தது. மக்கள் அதனை வெறுக்கவில்லை. காரணம், அதன் விதி ஒரு வாக்கியத்தில் அடங்கும். பெற்றோல் நிலையத்திற் குழாயைப் பிடித்து நிற்கும் இளைஞனுக்கும் அது தெரியும், வாங்குபவனுக்கும் தெரியும். பிழை நேர்ந்தால் இருவரும் அந்த இடத்திலேயே காணலாம். அஸ்வெசுமவின் குறிகாட்டிகள் வர்த்தமானியில் உண்டு. ஆயினும் தன் குடும்பம் எந்தக் குறிகாட்டியால் வீழ்ந்தது என்பதை ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண் தானாகக் கண்டுகொள்ளும் வழி இல்லை. விதி எவ்வளவுக்குச் சிக்கலாகிறதோ அவ்வளவுக்கு அதனை விளக்கும் கடமை அரசின்மேற் கூடுகிறது. நடைமுறையிலோ, சிக்கல் கூடக்கூட விளக்கம் குறைகிறது.

இஃது ஏதோ வறிய நாட்டுக் கந்தோர்களின் நோய் என்று எண்ணுவோருக்காகப் பிரித்தானியாவின் கதையொன்றைச் சொல்ல வேண்டும். அங்கு 1999 இல் தபாற் கந்தோர்களுக்கு ‘ஹொரைசன்’ என்ற கணினிக் கணக்குமுறை வந்தது. அந்த முறை, இல்லாத பற்றாக்குறைகளை இருப்பதாகக் காட்டிற்று. கிராமத்து உபதபாலதிபர்கள் தாம் எடுக்காத பணத்துக்குத் திருடராக்கப்பட்டனர். 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர்; சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். பிழைத்தது யந்திரம் என்று அவர்கள் கூறியதை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. கணினி சரியாக இயங்குகிறது என்றே சட்டம் ஊகித்துக்கொள்ளும். அன்று என்று காட்டும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு உரியது. காட்டுவதற்கு வேண்டிய ஆவணங்களோ குற்றஞ்சாட்டியவர் கையில் இருந்தன! 2024 இல் பாராளுமன்றமே தனிச் சட்டமொன்றால் அத்தீர்ப்புகளை அழிக்க வேண்டியதாயிற்று. உலகின் மூத்த பாராளுமன்றங்களுள் ஒன்றும், நீதிமுறையிற் பெருமை பேசும் நாடும், தன் அஞ்சல் ஊழியரைவிட ஒரு பெட்டியை நம்பின. ஏழையின் சொல்லுக்கும் யந்திரத்தின் சொல்லுக்கும் முரண்பாடு வரும்பொழுது, நிரூபிக்கும் சுமையை எவன் தோளில் வைப்பது என்பதிலேயே ஓர் அரசின் வர்க்க இயல்பு வெளிப்பட்டுவிடுகிறது.

நமக்கு இதைவிடக் கொடிய பாடமும் உண்டு. தேசிய கணினிக் கொள்கை வகுக்கப்பட்ட அதே 1983ஆம் ஆண்டின் யூலையில், கொழும்பில் தமிழரின் வீடுகளைத் தேடிவந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. அது கணினி தந்த பட்டியலன்று, வெறுங் கடதாசி. வாக்குரிமைக்காக மக்கள் நம்பிக் கொடுத்த பெயரும் முகவரியும் அவர்களையே கொளுத்துவதற்கு வழிகாட்டின. பட்டியலின் பயன் அதனைத் தயாரித்தவனின் நோக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. எவன் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. இன்று முகம், கருவிழி, கைரேகை ஆகியவற்றைத் திரட்டும் எண்ணிம அடையாள அட்டைக்கு அரசு முயன்று வருகிறது. அதற்கான இந்திய மானியம் பற்றிய உடன்பாடு 2022 மார்ச்சிற் கைச்சாத்தானது. முகவரி மாறலாம், பெயரையும் மாற்றலாம். கருவிழியை எவரும் மாற்றிக்கொள்ள இயலாது. இத்தரவுகளைக் காக்க வேண்டிய சட்டமோ 2022 இலேயே 9ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியும், அதன் முக்கிய பிரிவுகள் நடைமுறைக்கு வரும் நாள் 2025 இற் பிற்போடப்பட்டது. திரட்டுவதில் இருக்கும் அவசரம் காப்பதில் இல்லாமற் போவதை நாம் தற்செயல் என்று கொள்வதற்கில்லை.

மொழிக்கு வருவோம். 1956 இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது; 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. கணினி இந்த உரிமையை மலிவாக நிறைவேற்றியிருக்கக் கூடும். அச்சுச் செலவில்லாமல், மொழிபெயர்ப்பை ஒருமுறை செய்து ஆயிரம் தடவை காட்டலாம். நடந்ததோ மறுதலை. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் தலைப்பு மட்டும் தமிழில் இருக்கும். இரண்டாவது அடியில் ஆங்கிலம் வந்து வரவேற்கும். எழுத்துப் பிரச்சினையும் அத்தகையதே. ஒருங்குறியின் 1991ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. சிங்களம் சேர்ந்தது 1999 இல். அதற்குப் பின்னரும் நெடுங்காலம் நமது கந்தோர்களிற் பாமினி எழுத்துருவே கோலோச்சிற்று. பாமினியில் அடித்த கடிதம் அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குறிகளின் குப்பையாகத் தோன்றுவதை அனுபவியாத ஆசிரியர் எவருளர்? உலகப் பொதுநியமம் ஒன்று இருக்கும்பொழுது அதனைச் சகல கந்தோர்களிலும் கட்டாயமாக்கி, தட்டச்சாளருக்குப் பயிற்சியும் கொடுப்பதே கொள்கையை நடைமுறைப்படுத்துதல் என்பது. இதனைச் சந்தை செய்யாது, செய்யவும் இல்லை.

பெயரின் கதை இதனினும் நுட்பமானது. ஒரு தமிழனின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் வேறுவிதமாகவும், வங்கிப் புத்தகத்தில் இன்னொருவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருத்தல் இந்நாட்டிற் சர்வசாதாரணம். எழுதியவர் பெரும்பாலும் தமிழறியாத இலிகிதர். மனித இலிகிதர் ஒருவர், சமாதான நீதவானின் சத்தியக் கடதாசியொன்றைப் பார்த்துவிட்டு, “இரண்டும் ஒரே ஆள்தான்” என்று ஒப்புக்கொள்வார். கணினிக்கு ஓரெழுத்து மாறினால் இருவர். தவறு செய்தது அரசின் பேனா, அலைவது மனிதன்.

மலையகத்திலே இந்த அவலம் முகவரியிலிருந்தே தொடங்குகிறது. லயத்திலே வாழும் குடும்பத்துக்குத் தனக்கென ஒரு முகவரி இல்லை. கடிதம் தோட்டக் கந்தோருக்குப் போகும். அங்கிருந்து வந்தால் வரும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கிற்று. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கிய 35ஆம் இலக்கச் சட்டம் 2003 இல் வந்தது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்த அதே ஆண்டில். ஐம்பத்தைந்து ஆண்டுகளாகக் கடதாசியில் இல்லாதிருந்த மனிதரைக் கணினி எங்கிருந்து அறியும்? யந்திரம் புதிய அறிவெதனையும் படைப்பதில்லை. பழைய பதிவேட்டை வேகமாகப் படிக்கிறது. பதிவேட்டில் அநீதி இருந்தால் அதனையும் அது வேகமாகப் படிக்கும்.

இவ்விடத்தில் நண்பர் சிலர் ஒரு தடை எழுப்புவர். அரசு ஆளும் வர்க்கத்தின் கருவி என்று கற்ற நாம், அவ்வரசிடமே மேலும் பொறுப்பை ஏற்குமாறு கேட்பது முரணன்றோ என்பது அவர்கள் வினா. முரணன்று என்பதே நமது துணிபு. எட்டு மணி நேர வேலையையும் சேமலாப நிதியையும் தொழிலாளர் இதே அரசிடமிருந்துதான் பறித்தெடுத்தனர். அரசை நல்லது என்று நம்பியதால் அவர்கள் கேட்கவில்லை. கேட்பதற்கு ஓர் இடம் இருந்ததாற் கேட்டனர். இன்று அபாயம் யாதெனில், அந்த இடமே கரைந்துபோவதாகும். மென்பொருளை எழுதியவன் ஒப்பந்தக்காரன். தரவைப் பதிந்தவர் தற்காலிக ஊழியர். நிபந்தனை விதித்தது வெளிநாட்டுக் கடன் நிறுவனம். முடிவு கூறியது கணினி. இவர்களுள் எவரை நோக்கி ஊர்வலம் போவது? பொறுப்பைத் துண்டு துண்டாக்கி எவர் கையிலும் அகப்படாமற் செய்துவிடும் ஏற்பாடு, நேரான அடக்குமுறையிலும் பார்க்க எதிர்த்து நிற்பதற்குக் கடினமானது.

செலவாகும் என்பது இன்னொரு தடை. ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் கூற ஆள் வைத்தால், கணினியால் மிச்சமாகும் பணம் அதிலேயே கரைந்துவிடும் என்பர். கரையட்டும். காரணம் கேட்கப்படாத முடிவுகளால் மிச்சமாகும் பணம், பட்டியலிலிருந்து விடுபட்டவர்களின் அடுப்பிலிருந்து எடுத்த பணம் அல்லவா?

சட்டப் புத்தகத்தில் நமக்கு உதவும் வாசகங்கள் இல்லாமலில்லை. மேற்கூறிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், முற்றிலும் யந்திரத்தால் எடுக்கப்பட்ட முடிவொன்றை மீள்பரிசீலனை செய்யுமாறு கேட்பதற்கு இடமளிக்கிறது. அது முழுமையாக உயிர்பெறும் வரை அதனை நம்பிக் காத்திருக்க முடியாது. ஆனால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நடைமுறையிலுள்ளது. அதன் 35ஆம் பிரிவு, பகிரங்க அதிகாரசபையொன்றின் முடிவினாற் பாதிக்கப்பட்ட குடிமகன் கேட்குமிடத்து, அம்முடிவுக்கான காரணங்களை எழுத்தில் அவருக்குக் கொடுத்தல் உத்தியோகத்தரின் கடமை என்று விதிக்கிறது. முடிவை எடுத்தது கையா, கணினியா என்ற பேதம் அதில் இல்லை. இப்படியொரு பிரிவு இருப்பதை நமது கிராமங்களில் எத்தனை பேர் அறிவர்? ஆசிரியர்களும் உயர்வகுப்பு மாணவரும் அறிந்தாலே போதும். ஊரிற் கடிதம் எழுதிக் கொடுப்பவர் பெரும்பாலும் அவர்களே.

கடிதம் நீண்டதாக இருக்க வேண்டியதில்லை, தமிழிலேயே எழுதலாம். விண்ணப்ப இலக்கத்தைக் குறித்து, நான்கு விடயங்களைக் கேட்டால் அமையும். எந்தக் குறிகாட்டியில் எங்கள் குடும்பம் தகுதியிழந்தது? அந்தக் குறிகாட்டிக்கு எங்களைப் பற்றிப் பதியப்பட்டுள்ள விபரம் யாது? அதனைப் பதிந்தவர் எந்த நாளில், எங்கிருந்து பெற்றார்? பிழையாயின் அதனைத் திருத்தும் அதிகாரம் எந்தப் பதவியிலுள்ள உத்தியோகத்தருக்கு உண்டு? “புள்ளி போதாது” என்று விடை வருமாயின் அது காரணமன்று. முடிவையே வேறு சொல்லிற் கூறியதாகும். அவ்விடையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பாமல், நான்காவது கேள்விக்கு மறுமொழி இல்லை என்று குறிப்பிட்டு, இரண்டாவது கடிதத்தை எழுத வேண்டும்.